உரியவர் அல்லர்

பழைய இரும்பு வாங்கும் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சென்னியப்பன் வாசலுக்கு வந்துவிடுவார். செருப்புப் போடமாட்டார், செருப்புக்குச் சத்தம் உண்டு. வெளிக்கதவின் கொண்டியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். அதை மெல்லத் தூக்கித் திறந்து, பகல் பதினோரு மணி வெயிலில் கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு பத்தடி நடந்து ஒரு கையை உயர்த்துவார். "பழைய இரும்பு, ஈயம், பித்தளை, ஓடாத மிக்ஸி" என்கிற பதிவுக் குரல் பாதியில் அடங்கும்.

"ஏனுங் டிரைவரே, இன்னுந் தூங்கலையா?" என்றார் வண்டிக்காரர் காதர்.

"தூங்கீட்டுத்தான் இருந்தனுங் பாய். உங்க சத்தத்துல முழிப்பு வந்துருச்சு."

"நான் இப்பத்தான முக்குத் திரும்புனேன்! அதுக்குள்ள எந்திரிச்சு, கதவைத் தொறந்து, இங்க வந்து நின்னுட்டீங்க. தூங்கற மனுசன் பறந்தா வருவான்?"

சென்னியப்பன் சிரிப்பதுபோல் உதட்டை விரித்தார். காதர் நாலு வீடு தாண்டும்வரை ஒலிபெருக்கியைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே, சன்னலில் ஆணியடித்த கறுப்புத் துணிக்குக் கீழே, அவர் மனைவி குணவதி படுத்திருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டில் சென்னியப்பனின் துயில் பட்டை இருந்தது. அதன் பச்சை விளக்கு மங்குவதும் ஒளிர்வதுமாக இருந்தது. ஐந்து மாதமாக அந்த வீட்டில் இப்படித்தான் நடந்தது. அவருக்கு வேண்டிய தூக்கத்தை அவள் தூங்கினாள். அவர் காவல் இருந்தார்.

சென்னியப்பன் இருபத்திரண்டு வருடமாக இரவில் மட்டுமே வண்டி ஓட்டியவர். மேட்டுப்பாளையத்துக்கு வெளியே கைபேசிக் கண்ணாடி செய்யும் ஆலை வந்த பிறகு, அங்கே வேலை செய்யும் பெண்களை ஏற்றி இறக்கும் பேருந்து. மாலையில் ஏறினால் காலை எட்டு மணிக்குத்தான் வீடு. வந்ததும் இரண்டு மணி நேரம் தூங்குவார். சாப்பிட்டுவிட்டு இன்னொரு மணி நேரம். கிளம்புமுன் சுவரில் சாய்ந்தபடி ஓர் அரைமணி. அது துண்டுத் துண்டான தூக்கம்தான், ஆனால் அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தூக்கத்தைப் பற்றி அவர் யோசித்ததே கிடையாது.

பிறகு சட்டம் வந்தது. இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பட்டை கட்ட வேண்டும். படுக்கும்போது அதன் பொத்தானை அழுத்தினால், எழுந்ததும் நூற்றுக்கு ஓர் எண் தரும். அந்தப் பட்டையை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள கண்ணாடிச் சதுரத்தில் தொட்டால்தான் வண்டி உயிர்பெறும். எண் எழுபதுக்குக் கீழே இருந்தால் உயிர்பெறாது. மூன்று முறை அப்படி நடந்தால் ஓட்டுநரை இறக்கிவிடுவார்கள்.

"துண்டுத் தூக்கம் கணக்குல வராது அண்ணாச்சி," என்று பட்டையைக் கொடுத்த அன்றே சொன்னான் போக்குவரத்து மேலாளன் செல்வின். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். எல்லோரும் அவனுக்கு அண்ணாச்சிதான். "ஒரே நீட்டா அஞ்சு மணி நேரம் வேணும். மாத்திரை போட்டா கண்டுபிடிச்சிரும், அதுக்கும் எண்ணு கெடையாது. மொத மொதல்ல நல்லாத் தூங்குற அன்னைக்கு உங்க நாடித்துடிப்பைப் படிச்சு வச்சிக்கிடும். அப்புறம் வேற யாரு கட்டினாலும் ஒத்துக்காது. அவ்வளவுதான் விசயம்."

அந்த அவ்வளவுதான் அவரிடமிருந்து இரண்டு மணி நேரத் தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது. படுத்தால் கண்ணுக்குள் எண் ஓடியது. இப்போது தூங்கினால் எழுபது வருமா? இதோ தூங்கிவிட்டேனா? என்று கேட்டுக்கொண்டே விழித்திருந்தார். குணவதி கசகசா அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தாள். ஜாதிக்காய் உரைத்துக் கொடுத்தாள். உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்தாள். காலெல்லாம் வழுக்கியதுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் முன்பு, பட்டை கட்டிய முதல் நாளே ஒரு தவறு நடந்திருந்தது. மத்தியானம் இரண்டு மணி வரை புரண்டுவிட்டு அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த குணவதி சாப்பிட வந்தாள். அவள் தலை சாய்ந்தால் தூங்குகிறவள். கல்யாணத்தன்று மேளச் சத்தத்துக்கு நடுவே மணவறைத் தூணில் சாய்ந்து தூங்கியதை அவள் ஒறம்பரைச் சனம் இன்றும் சொல்லிச் சிரிக்கும்.

"அதை இங்க கட்டுங்க, எனக்கு எத்தன வருதுன்னு பாப்போம்," என்று கையை நீட்டினாள்.

"வெளையாட்டுச் சாமானா அது?"

"பத்து நிமிசம்தானுங்க. அக்கடான்னு படுத்துட்டுத் தந்தர்றேன்."

அவரும் கட்டிவிட்டார். சலிப்பில் செய்த காரியம். அவள் ஏழு மணிவரை எழவில்லை. அன்று அவருக்கு விடுமுறை நாள் என்பதால் எழுப்பவும் இல்லை. விழித்தபோது பட்டையில் இரண்டு வரி மின்னியது. பதிவு முடிந்தது. தொண்ணூற்றொன்று.

மறுநாள் அவர் கட்டியதும் பட்டை சிவந்தது. அணிந்திருப்பவர் உரியவர் அல்லர் என்று அமைதியாக எழுதிக் காட்டியது. மூன்றாம் முறை இப்படி வந்தால் அலுவலகத்துக்குச் செய்தி போய்விடும் என்று அடியில் சின்ன எழுத்து. அவர் உடனே கழற்றி மேசைமேல் வைத்தார். இருவரும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போய்ச் சொல்லீருங்க. தெரியாமப் பண்ணிட்டோம்னு," என்றாள் குணவதி.

"சொன்னா, ஏன் கட்டிவிட்டேன்னு கேப்பாங்க. எனக்குத் தூக்கம் வரலைன்னு சொல்லோணும். அதுக்குத்தான எறக்கி விடறாங்க."

"ரெண்டு நாளைக்கு நான் கட்டிக்கறேன். அதுக்குள்ள உங்களுக்குத் தூக்கம் வந்துரும். அப்பறம் பட்டை கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கிக்கலாம்."

ரெண்டு நாள் ஐந்து மாதமானது. குணவதி பகல் வேலையை விட்டாள். விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வந்து படுத்துவிடுவாள். ஈரோட்டில் படிக்கும் மகள் பகலில் அழைக்கக் கூடாது என்று ஏற்பாடு. குக்கர் பரணுக்குப் போயிற்று. சென்னியப்பன் சோற்றைப் பானையில் வடித்தார். குழாயைத் திறந்தால் வாளிக்குள் துணியைப் போட்டு, தண்ணீர் துணிமேல் விழும்படி பிடித்தார். இத்தனைக்குப் பிறகும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வீட்டுக்குள் சத்தமில்லாமல் உலாவுகிறவனுக்கு எங்கே தூக்கம் வரும். விடிகாலையில் ஆலை வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும்போது இருபது நிமிடம், முப்பது நிமிடம் கண் செருகும். அவ்வளவுதான்.

வேலையெல்லாம் முடிந்த பின் அவர் படுக்கையறை வாசலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பசித்தவன் சாப்பாட்டுக்கடை வாசலில் நிற்பதுபோல என்று ஒருநாள் அவருக்கே தோன்றியது. பார்க்கப் பார்க்க அவள் தூக்கம் முழுக்க அவருக்கு மனப்பாடமானது.

"உனக்கு மொதல்ல சுண்டுவிரல்தான் விரியுது புள்ள," என்று ஒரு மாலை, எழுந்தவளிடம் சொன்னார். "அப்பறந்தான் தூங்கறே."

"அதையா உக்காந்து பாத்துட்டிருக்கீங்க?"

"வேற என்ன வேலை எனக்கு?"

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆடி மாதத் தொடக்கத்தில் செல்வின் அவரை அறைக்குக் கூப்பிட்டான். கதவருகே பலகையில் சென்னியப்பனின் புகைப்படம் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சராசரி தொண்ணூற்று மூன்று.

"கும்பகர்ணன் அண்ணாச்சி! உக்காருங்க. மாவட்டத்துலயே உங்களுக்குத்தான் கூடுதல். அடுத்த வாரம் முதக்கொண்டு கோத்தகிரி ரூட்டு உங்களுக்கு."

அதுவரை சென்னியப்பன் ஓட்டியது காரமடை, அன்னூர் என்று சமவெளியில். "கீழ ரூட்டே போதுங்க தம்பி. மலை எனக்குப் பழக்கமில்ல."

"பத்து வருசம் காரட் லாரி ஓட்டி எறக்கினவருக்கா பழக்கமில்ல? நான் போடல அண்ணாச்சி, கம்ப்யூட்டர் போட்டிருக்கு. நல்லாத் தூங்குற ஆளு மலைக்கு, கொறச்சலாத் தூங்குற ஆளு தரைக்கு. நியாயந்தான?"

நியாயம்தான். அதை மறுக்க அவரிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.

"அப்புறம் சனிக்கிழமை கேன்டீன்ல ஒரு கூட்டம். நம்ம டிரைவர்ங்களுக்கு நல்லாத் தூங்குறது எப்படின்னு நாலு வார்த்தை சொல்லணும் நீங்க. மாட்டேன்னு சொல்லப்பிடாது."

சனிக்கிழமை பதினேழு ஓட்டுநர்கள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் ஒரே சிவப்பு. சென்னியப்பன் எழுந்து நின்றார். என்ன பேசுவது என்று ஒரு வாரமாக அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்ததும் தனக்குத் தெரிந்த ஒரே தூக்கம்தான் வந்தது.

"தூக்கம் தலையில வராதுங்க," என்றார். "விரல்ல வரும். சுண்டுவிரல் மொதல்ல விரியும். அப்பறம் மோதிர விரல். கையில எதையோ இறுக்கிப் புடிச்சிருந்து, சரி போகட்டும்னு விட்டுட்ட மாதிரி. அப்பறம் தாடை எறங்கும். ஒதடு ஒரு நெல்லளவு தொறக்கும். அப்ப மூச்சு ஒருதரம் தடுக்கும் பாருங்க, கியர் மாத்தறப்ப வண்டி தடுக்குமே, அந்த மாதிரி. அதுக்கப்பறம் நீளமாப் போகும். நெத்தியில இருந்த கோடெல்லாம் போயிரும். வயசு பத்துக் கொறைஞ்சுரும்."

பதினேழு பேரும், சோறு போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் போல, அவர் வாயையே பார்த்தார்கள்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த ரங்கநாதன் கையைத் தூக்கினார். "ஏனுங்க, ஒரு சந்தேகம். தூங்கறவனுக்குத் தன் விரல் விரியறது எப்படீங்க தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். செல்வினும் சிரித்தான். சென்னியப்பன் மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"வீட்டுல சொல்லுவாங்க," என்றார் கடைசியில்.

கூட்டம் முடிந்து கை கழுவும்போது ரங்கநாதன் பக்கத்துக் குழாயில் வந்து நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "எங்கம்மாளுக்குக் கட்டைவிரல்தானுங்க மொதல்ல விரியும்."

சென்னியப்பன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மலை வண்டியில் முப்பத்து நாலு பெண்கள். மாலையில் மலையூர்களிலிருந்து இறக்கி, இரவு முழுக்க வேலை செய்தபின் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டுபோய் விட வேண்டும். ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் முப்பத்து நாலு பேரும் தூங்கிவிடுவார்கள். மேலே உள்ள கண்ணாடியில் பார்த்தால் வரிசையாகச் சாய்ந்த தலைகள். வளைவுக்கு வளைவு எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றாக நிமிரும். முதல் இருக்கையில் சுகந்தி என்கிற பெண், சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்குவாள். வண்டி முழுக்கத் தூக்கத்தின் மூச்சு நிரம்பியிருக்கும். விழித்திருப்பது அவர் ஒருவர்தான். விழித்திருக்கிறாரா என்பது அவருக்கே சில சமயம் தெரியாது.

ஒன்பதாம் நாள் அது நடந்தது. வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. சாலையோரத்துத் தடுப்புக் கற்களின் வெள்ளைப் பூச்சு ஒவ்வொன்றாக விளக்கில் வந்து போனது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்துப் பார்க்கும்போது ஒன்பதோ பத்தோ. நடுவில் உள்ள கற்கள் அவரிடம் இல்லை. வளைவு வந்திருந்தது; ஸ்டியரிங் நேராக இருந்தது. முன்சக்கரம் தாரை விட்டு இறங்கி, சரளையில் கரகரத்தது. கால் தானாக மிதித்தது. வண்டி கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, பனிதான்.

கண்ணாடியில் பார்த்தார். முப்பத்து மூன்று தலைகள் முன்னால் சாய்ந்து பின்னால் நிமிர்ந்து, தூக்கத்தைத் தொடர்ந்தன. சுகந்தி மட்டும் கண்ணைத் திறந்தாள்.

"ஏண்ணா, ஊரு வந்திருச்சா?"

"இல்ல அம்மிணி. டயர் பாக்கலாம்னு நிறுத்துனேன். நீ தூங்கு."

அவள் தூங்கிவிட்டாள். அந்த நம்பிக்கைதான் அவரை உலுக்கியது. இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதற்குமேல் அவர் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. சுகந்தி இறங்கும்போது கூப்பிட்டார்.

"அம்மிணி, இனிமே முன்சீட்டுல உக்காந்துட்டுத் தூங்காதே. யாரு வண்டி ஓட்டுனாலும் பேச்சுக் குடுத்துட்டே வா."

"என்ன பேசறதுண்ணா?"

"என்னத்தையாவது. சண்டையாவது போடு."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

வண்டியை விட்டுவிட்டு நேராக செல்வின் அறைக்குப் போனார். குணவதியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஒன்பது மணிக்குப் படுப்பாள். மாலைக்குள் தொண்ணூறு வந்துவிடும். அவர் மறுபடி ஏறிவிடுவார். தன்னை அவருக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாள் மத்தியானத்திலிருந்து, விடிகாலைக் கற்கள் வரை. செல்வின் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கணினியைத் திருப்பிக் காட்டினான். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள்.

"மதினிதான் கட்டுதாங்களா?"

"ஆமாங்க."

"அப்ப ஒண்ணு சொல்லுதேன், மனசைத் திடப்படுத்திக்கிடுங்க. இந்தக் கோடு நெஞ்சுத்துடிப்பு. தூங்குனா இது எறங்கணும். பிப்ரவரில பாருங்க, எப்படி எறங்கிக் கெடக்கு. மார்ச்சும் அப்படித்தான். ஏப்ரலுக்கு வாங்க." விரலால் நகர்த்தினான். கோடு ஒரு நூல்போல நேராக ஓடியது. "எறங்கவே இல்ல. நேத்து வரைக்கும் இல்ல. இவங்க தூங்கல அண்ணாச்சி. முழிச்சிக்கிட்டு அசையாமக் கெடக்குதாங்க."

சென்னியப்பனுக்குப் புரிய நேரமானது. "தொண்ணூறு வருதுங்களே."

"அசைவும் மூச்சும் சரியா இருந்தா எண்ணு வந்துரும். துடிப்பையும் சேத்து வச்ச மொத மாசம், நம்ம பதினெட்டுப் பேர்ல பதினாலு பேரு வண்டி ஏற முடியல. ஆலை நிக்குமா? அதனால மேல இருந்து துடிப்பைக் கணக்குல எடுக்காதேன்னுட்டாங்க. எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை மலைக்குப் போட்டீங்க?"

செல்வின் மேசைமேல் கிடந்த ஒரு காகிதத்தை ஓரம் ஓரமாக மடித்தான். "எல்லாரையும் எங்கயாவது போட்டுத்தான ஆகணும்," என்றான். "நான் நாலு மணி நேரம் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. நான் இதை எழுதினா பதினாலு பேரு கதையையும் எழுதணும். வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் வந்து வண்டி எடுங்க."

அவர் நினைத்து வந்தது, சொன்னால் கதவு திறக்கும் என்று. சொன்ன பிறகும் அதே அறைதான் இருந்தது. மேசையில் பேனாக் குவளைக்குள் ஒரு கத்தரிக்கோல் செருகியிருந்தது. சென்னியப்பன் அதை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து பட்டையை எடுத்தார்.

"அண்ணாச்சி, வேண்டாம். வெட்டினா தானா மேல செய்தி போயிரும். அப்புறம் நான் நெனச்சாலும் முடியாது."

"அதுக்குத்தானுங்க."

பட்டை கெட்டியாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. அறுந்தபோது பச்சை விளக்கு ஒருமுறை பெரிதாக ஒளிர்ந்து அணைந்தது. கணினியில் அவர் பெயர் சாம்பல் நிறமானது. துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"சாயங்காலம் அந்தப் புள்ளைங்களை யாருங்க கூட்டிட்டு வருவாங்க?"

செல்வின் திரையைப் பார்த்தான். "ரங்கநாதன்."

சென்னியப்பன் கதவருகே நின்றார். வெளியே வந்து ரங்கநாதனைக் கைபேசியில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவருடைய வீட்டிலும் அது தூங்கும் நேரம்.

வீட்டுக்கு வந்தபோது குணவதி படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். வெறும் மணிக்கட்டை மடியில் வைத்திருந்தாள். அதில் பட்டையின் வெளிறிய தடம்.

"மணி பத்தாகப்போகுது. பட்டையைக் குடுங்க," என்றாள்.

"வெட்டிப்போட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் தோள்தான் மெல்ல இறங்கியது.

"நாலு மாசமாத் தூங்கலையாமே நீ. ஏம்புள்ள சொல்லல?"

"எப்படிச் சொல்றதுங்க? நீங்க வெறுங்காலோட வெயில்ல ஓடறீங்க. தண்ணியத் துணி மேல புடிக்கறீங்க. இத்தன பாடுபட்டுக் காவல் காக்கறப்ப, வரலைன்னு எந்த வாயில சொல்றது?"

"ஏன் வராமப் போச்சு? நீ கல்லு மேல படுத்தாலும் தூங்கறவளாச்சே."

"ஒருநாள் பாதியில முழிப்பு வந்துச்சு. கண்ணைத் தொறந்தா நீங்க வாசப்படியில உக்காந்து என்னையே பாத்துட்டிருக்கீங்க. அன்னிக்குப் போனதுதானுங்க. படுத்தாலே, இப்பத் தூங்கறனா, சரியாத் தூங்கறனான்னு வெசனம். உங்களுக்கு இருக்கற அதே வெசனம்."

அவர் தரையில் உட்கார்ந்தார். "நான் பாத்தேனே குணா. வெரல் விரிஞ்சுது. நெதமும் பாத்தேன். கூட்டத்துல எல்லாருக்கும் சொன்னேன்."

"சுண்டுவிரல் மொதல்லன்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள் அவள். "நீங்க பாத்துட்டிருந்தீங்க. அதனால விரிச்சேன்."

வெளியே ஏதோ ஒரு வண்டி போனது. யாருடைய குக்கரோ மூன்று விசில் விட்டது. சென்னியப்பன் சிமெண்டுத் தரையில் பின்னால் சாய்ந்தார். சற்று நேரம் படுத்திருக்கலாம் என்றுதான் நினைத்தார்.

விழித்தபோது தலைக்குக் கீழே தலையணை இருந்தது. உடம்பு ஈரத்துணி போலக் கனத்தது. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. மாலையாகிவிட்டதோ என்று எழுந்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. கறுப்புத் துணியின் ஓரத்தில் வெயில். மறுநாள் பகல் பதினொன்று என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. எந்தப் பட்டையிலும் ஏறாத தூக்கம். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் கைபேசி ஒலி அடைக்கப்பட்டுக் கிடந்தது. ரங்கநாதனிடமிருந்து விடிகாலையில் ஒரு வரி: 'ஒரு புள்ளை வழி நெடுகச் சண்டை போட்டே கொன்னுட்டா. வந்து சேந்தோம்.' இன்றைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வெளியே "பழைய இரும்பு, ஈயம்" என்ற குரல் எழுந்து பாதியில் அறுந்தது. சன்னல் துணியை விலக்கிப் பார்த்தார். சுட்ட தார்ச்சாலையில், வெறுங்காலோடு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு குணவதி நின்றிருந்தாள். காதர் ஏதோ கேட்டார். அவள் உதட்டில் விரல் வைத்து வீட்டைக் காட்டினாள். முகத்தில் கண்கள் இரண்டு குழிகளாக இருந்தன.

அவள் திரும்பி வந்ததும், "நீ கண்ணு மூடுனியா?" என்று கேட்டார்.

"நீங்க தூங்கறப்ப எப்படிங்க? யாராவது மணி அடிச்சுட்டா?"

"இப்பப் படு."

அவள் மறுபேச்சில்லாமல் படுத்தாள். இடது கையை வயிற்றின்மேல் வைத்து, அசையாமல், மூச்சை அளந்து. அவர் பழக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் கழிந்திருக்கும். அவள் சுண்டுவிரல் மெல்ல விரிந்தது. பிறகு மோதிர விரல்.

அவர் அந்த விரல்களைப் பார்த்தார். தூக்கமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழி இருக்கவில்லை. இனி ஒருபோதும் இருக்காது. அப்புறம் எழுந்து, அறைக் கதவைப் பின்னால் சாத்தினார். கொண்டி சத்தம் போட்டது. போடட்டும் என்று விட்டார். பரணிலிருந்து குக்கரை இறக்கித் தூசி தட்டி, அரிசியும் தண்ணீரும் விட்டு அடுப்பில் வைத்தார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தெருவுக்குப் போய், நாலு வீடு தாண்டிவிட்ட காதரைக் கூப்பிட்டார்.

"பாய், போடுங்க அந்த ரேடியோவை. நம்ம வீட்டு முன்னாலயே போடுங்க."

"தூங்கறாங்கன்னு அம்மா இப்பத்தானுங் சொல்லிட்டுப் போனாங்க!"

"யாரும் தூங்கலீங்க," என்றார் சென்னியப்பன். "யாரும் பாத்துட்டும் இல்ல."

ஈயம், பித்தளை, ஓடாத மிக்ஸி என்று தெரு நிறைந்தது. உள்ளே குக்கர் முதல் விசிலை விட்டது. அவர் வீட்டு வாசலில், உள்ளே சாத்திய அறைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது விசில் வந்தது. மூன்றாவது வந்தது. அடுப்பை அணைக்க உள்ளிருந்து யாரும் எழுந்து வரவில்லை.